துப்பட்டி போர்த்திய தொட்டி

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கேட்கப்பட்டபோது சாயந்திரம் மணி நாலு இருபது. வாப்பாவின் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

இரண்டு நேரத்தையும் என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. நம் வயதுக்காரர்களில், தகப்பனை வளைகுடாவுக்கு அனுப்பிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சுவரில் இரண்டு கடிகாரங்கள் தொங்கும். ஒன்றில் ஊர் நேரம். மற்றதில் துபாய் நேரம், ஒன்றரை மணி பின்னால். வாப்பா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்று அதைப் பார்த்துத்தான் சொல்வோம். அன்றைக்கு வாப்பா அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவருடைய கடிகாரத்தை நிறுத்த மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

துக்கம் கேட்க வந்த பெண்கள் உம்மாவின் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேலப்பாளையத்துத் தெருக்களில் அப்போதெல்லாம் பகல் முழுவதும் தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, வாப்பா வழியில் ஏதோ தூரத்து உறவான ஒருத்தி, எதிரே இருந்த கண்ணாடித் தொட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுல கெடக்கது ஆம்பளை மீனா, பொம்பளை மீனா?”

இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துக்க வீட்டில் சிரிப்பு வந்துவிட்டதே என்ற வெட்கம். என் பெரிய மாமி, அதாவது வாப்பாவின் மூத்த சகோதரி, சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளியே போகும்போது பெண்கள் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்கிற கெட்டியான துணி அது. அதை நாலாக மடித்துத் தொட்டியின் மேல் போட்டு, நான்கு பக்கமும் இழுத்து மூடினாள்.

மீனுக்கு நான் தீனி போட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுத நேர்ந்தது என் மகளால். போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு கடையிலிருந்து தங்கமீன் ஒன்றை வாங்கி வந்தாள். ஐந்தாம் நாள் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அவள் போனில் தேடிக் காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். தண்ணீர் கெட்டுப்போயிருக்கலாம், தீனி அதிகமாகியிருக்கலாம், இடம் மாறிய பயமாக இருக்கலாம், வெளிச்சம் போதாமல் இருக்கலாம். வெளிச்சம் என்று அவள் வாசித்ததும் நான் எழுந்து வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துகொண்டே போனேன். மழைச் சாரல் உள்ளே அடித்தது. “என்னம்மா செய்யுத?” என்று அவள் பின்னாலேயே வந்தாள். நான் அடுத்த ஜன்னல் கொண்டியை இழுத்தேன். நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு பயம் இன்னும் உடம்பில் மிச்சம் இருந்திருக்கிறது. அவள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், ஒரு காரணமும் இல்லாமல் போய்த் தட்டுகிறவள் நான். ஏன் தட்டுகிறேன் என்று அவளுக்கு இதுவரை சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கு மீன் வருவதற்கு முன்பே மீன் தீனி வந்துவிட்டது. வாப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் முன்கூடத்தில் பெரிய தொட்டி ஒன்று இருந்ததாம். அதைப் பார்த்த ஆசையில், கடைசியாக லீவில் வந்தபோது ஒரு தகர டப்பா வாங்கி வந்தார். அரபி எழுத்து, மூடியில் ஒரு தங்கமீன் படம். உள்ளே சருகைக் கசக்கியது போலச் சிவப்பும் பச்சையுமாகச் செதில்கள். திறந்தால் கருவாட்டு வாசனையும் புதுப் புத்தக வாசனையும் சேர்ந்து வரும். டப்பா வந்த நாலாம் நாள் என்னை வண்ணார்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியும் இரண்டு மீனும் வாங்கினார். பேருந்தில் தொட்டி வாப்பா மடியில், மீன் பை என் மடியில். வளைவு வரும்போதெல்லாம் பைக்குள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

மீன் கடை அண்ணாச்சி வாப்பாவிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்.

“தண்ணியோட தொட்டிய நகட்டிராதியும். ஓரத்துல பூசுனது விட்டுரும். அப்புறம், சோறு கீறு போடப்பிடாது. ரெண்டு விரல்ல எடுத்தது போதும்.”

“வீட்டுக்கு வந்த உசுருக்குச் சோறு போடாம எப்படி வே?” என்றார் வாப்பா.

“போடும். போட்டுட்டு அடுத்த வாரம் வேற மீனு வாங்க வாரும்.”

வழியெல்லாம் வாப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டில் உம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஓர் இரும்பு மேசையில் தொட்டியை வைத்தார். அடியில் பளிங்குக் கல், ஒரு பிளாஸ்டிக் செடி. லீவு முடிந்து கிளம்பும்போது டப்பாவை என் கையில் கொடுத்தார். நாலரைக்குப் போடு, அங்கே அப்போது மூணு, எனக்குத் தேயிலைத் தண்ணி நேரம், நான் குடிக்கும்போது அதுகளும் தின்னட்டும் என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். இரண்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. அதன்பிறகு எதிர்வீட்டுத் தொலைபேசியில் அந்தச் செய்தி வந்தது.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அதற்கு இத்தா என்று பெயர். அலங்காரம் கிடையாது, அந்நிய ஆண்கள் முன்னால் வருவது கிடையாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். எங்கள் வீட்டில் அந்த எவ்வளவைத் தீர்மானிக்கிறவள் பெரிய மாமி. அவளும் இளம் வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். உம்மாவின் அறையில் நிலைக்கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். மேலே காற்று வருகிற சந்தில் பழந்துணியைச் சுருட்டி அடைத்தாள். வாசலில் கெட்டித் திரை. ஜன்னலை மூட வேண்டிய வேலை மட்டும் இல்லை. தெருவைப் பார்த்த அந்த ஜன்னல் எனக்குத் தெரிந்து ஒருநாளும் திறந்ததில்லை. பச்சைச் சாயத்துக்கு அடியில் சட்டத்தைச் சுற்றி ஆணித் தலைகள் புடைத்துக்கொண்டிருக்கும். குழந்தையில் அவற்றின் மேல் விரலை ஓட்டி எண்ணியிருக்கிறேன். பதினாலு. சில ஜன்னல்கள் திறப்பதற்கு இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

உம்மாவுக்கு ஏதாவது எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் கூடவே வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். காலையில் ஓதும் பள்ளிக்கு ஒரு மணி நேரம் போகலாம். மற்ற நேரமெல்லாம் அந்த அறை. உம்மாவும் நானும் இரண்டு மீனும்.

முதல் மூன்று நாள் உம்மா ஒரு பருக்கை தொடவில்லை. என் சாச்சி, அதாவது வாப்பாவின் தம்பி மனைவி, தட்டை வைப்பாள், அப்படியே எடுத்துக்கொண்டு போவாள். நாலாம் நாள் சாயந்திரம் நான் பாட்டுக்கு நாலரைக்கு டப்பாவைத் திறந்து இரண்டு விரலில் எடுத்துத் தூவினேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒருக்களித்துப் படுத்திருந்த உம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். தான் எடுத்தது அவளுக்கே தெரிந்திருக்காது. மீன் தின்று முடிக்கும் வரைக்கும் அவள் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்ப் போய் வந்தது. மீன் அடிக்குப் போனதும் கையும் நின்றுவிட்டது.

மறுநாள் தட்டைச் சரியாக நாலு இருபத்தைந்துக்குக் கொண்டுவரச் சொல்லிச் சாச்சியை அரித்தேன். அன்றைக்கும் அப்படியே நடந்தது. ஒரு வாரம் உம்மா உயிரோடு இருந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். பெரியவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. சாயந்திரம் கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாலு இருபது வந்தது.

மூடிய தொட்டிக்கு முன்னால் நின்று நான் அழுதேன். பெரிய மாமி என்னை அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. “தெரியாத விஷயத்துல பேணுதலா இருந்துக்கிடணும் புள்ள. ஆணுன்னா அது உம்மாவுக்குத்தான பாவம்?” என்றாள். தொட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோகலாம் என்று சாச்சி சொன்னாள். நகர்த்தினால் தண்ணீர் ஒழுகும் என்று அண்ணாச்சி சொன்னதை நானே முந்திக்கொண்டு சொன்னேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மீனாவது கூடத்துக்குப் போயிருக்கும். பல வருடம் இதை நினைத்து நினைத்துப் புழுங்கியிருக்கிறேன்.

துப்பட்டியின் ஒரு முனையைத் தூக்கித் தீனி போடுவதற்கு எனக்கு மட்டும் அனுமதி இருந்தது. உள்ளே கிணற்று இருட்டு. துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பார்ப்பேன். மூன்று நாள் மேலே வந்தன. அப்புறம் ஒன்று மட்டும் வந்தது. அப்புறம் இரண்டும் செடிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டன. செவுள் மட்டும் அசையும். நான் போட்ட செதில்கள் மிதந்து, ஊறி, பைய அடிக்கு இறங்கின. வெளியே தட்டில் சோறு காய்ந்தது.

உம்மா இப்போது துப்பட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வெள்ளைத் துணியில் பார்க்க என்ன இருக்கிறது? கஞ்சி கொடுத்தார்கள், ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நர்ஸம்மா வந்து சத்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணேறாக இருக்கும் என்று ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. உம்மா ஒரு மிடறு வாங்கி, அதையும் முந்தானையில் துப்பிவிட்டாள். பேசுவதில்லை. தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்ய எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். நாளுக்கு நாள் அந்தக் கையின் கனம் குறைந்துகொண்டே வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அடுப்படியில் சாச்சியிடம் சொல்லிவிட்டேன். மீன் தின்கிறதைப் பார்த்தால்தான் உம்மா சாப்பிடுவார்கள் என்று. சாச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

“இத வேற யார்ட்டயும் சொல்லிராத. மவுத்தான மாப்பிள்ளைய நெனச்சு அழாம மீனைப் பாத்துக்கிட்டுக் கெடந்தாளாம்னு பேசுவாளுவ. உம்மாவுக்குத்தான் கெட்ட பேரு.”

அதற்கப்புறம் எனக்கு யாரிடமும் போக வழியில்லை. சொன்னால் உம்மாவுக்குக் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் உம்மாவே இல்லை. ஒன்பது வயதில் ஓர் ஆள் இவ்வளவு சின்ன அறைக்குள் நிற்க முடியும் என்று நான் அதற்கு முன்னால் நினைத்ததில்லை.

மீன்கள் சாப்பிடவில்லை என்ற பேச்சு மட்டும் வீட்டில் பரவியது. அதில் எல்லோருக்கும் வருத்தம்தான். போனவர் ஆசையாக வாங்கி வைத்தது அல்லவா? நான் இல்லாத நேரம் பார்த்துச் சாச்சி ஒரு பிடி சோறு போட்டிருக்கிறாள். அடுத்த வீட்டுப் பெண் பிஸ்கட் போட்டிருக்கிறாள். நானும் என் பங்குக்கு டப்பாவிலிருந்து நாலு விரல், ஐந்து விரல் என்று அள்ளினேன். உம்மா துப்பிய ஓதின தண்ணீரின் மிச்சமும் தொட்டிக்குள்ளேயே போயிற்று. மற்றவர்கள் போட்டதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு மீன் செத்த அன்றைக்கு. மதியம் லுஹர் தொழுகைக்கு எல்லோரும் கூடத்துக்குப் போயிருந்தார்கள். உம்மா கண்ணை மூடியிருந்தாள். துணிக்குள் தலையை விட்டேன். ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. தேயிலை வடிகட்டியால் அதை எடுத்துவிட்டு, மற்றது எங்கே என்று அடியில் கையை விட்டுத் துழாவினேன். கையில் வழவழவென்று சோறு, கரைந்த மாவு, ஒரு பேரீச்சங்கொட்டை. முழங்கைவரை புளித்த நாற்றம்.

பேரீச்சம்பழம் யார் போட்டிருப்பார் என்று எனக்கு உடனே தெரிந்தது. வாப்பா கொண்டுவந்த பழப்பெட்டி அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவி எந்நேரமும் பெரிய மாமியின் இடுப்பில் இருந்தது. தன் கையாலேயே மூடிய துணியைத் தானே தூக்கி, தம்பி வாங்கிய மீனுக்கு, தம்பி கொண்டுவந்த பழத்தைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. அப்போது அவளுக்கு இருந்த வயதைவிட இப்போது எனக்கு ஏழெட்டு வயது கூட. இப்போது அந்தக் கொட்டையை நினைத்தால் ஆத்திரம் வருவதில்லை.

செத்த மீனைப் பின்கட்டு முருங்கை மரத்தடியில் புதைத்தேன். உம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை ஓதும் பள்ளியில் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன்.

எங்கள் பள்ளிவாசல் வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மார்க்கத்தில் சந்தேகம் உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள். இமாமை நாங்கள் ஹஜ்ரத் என்போம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவர் ஒவ்வொரு சீட்டாக ஒலிபெருக்கியில் வாசித்துப் பதில் சொல்வார். வீட்டுப் பெண்கள் அவரவர் கூடத்தில் இருந்து கேட்டுக்கொள்வார்கள். நான் எழுதியது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“எங்கள் உம்மா இத்தாவில் இருக்கிறார்கள். எங்கள் மீன் ஆணா பெண்ணா என்று தெரியாது. உம்மா அதைப் பார்க்கலாமா? துணி போட்டு மூடியதால் மீனும் சாப்பிடவில்லை, உம்மாவும் சாப்பிடவில்லை. ஒரு மீன் மவுத்தாகிவிட்டது. இப்படிக்கு, மீன் உள்ள வீடு.”

பெயர் எழுதாவிட்டால் யார் என்று தெரியாது என்பது என் கணக்கு. மேலப்பாளையம் முழுக்கத் தேடினாலும் மீன் தொட்டி உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான் என்பது பெட்டியில் போட்டபிறகுதான் உறைத்தது. பெட்டியின் வாய் சின்னது. என் விரல் இரண்டு கணுவரை போயிற்று. சீட்டு எட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் கூடத்துக்குப் போகாமல் உம்மாவின் அறையிலேயே இருந்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது. மருதாணி இட்ட கையோடு ஒளுச் செய்யலாமா என்று ஒரு சீட்டு. காகம் வாய் வைத்த தண்ணீர் என்று ஒன்று. பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது தொழுகை நேரம் வந்தால் தறியை விட்டு எழுந்திருப்பதா என்று ஒன்று. ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் காகிதம் பிரிக்கிற சத்தம் மைக்கில் கேட்கும். அந்தச் சத்தத்தில் நான் உம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வாசித்தால் ஊரே கேட்கும். வாசிக்காவிட்டால் பதில் இல்லை. எது நடக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்பது என்றே தெரியவில்லை.

வாசிக்கவில்லை. அடுத்த வெள்ளியும் வாசிக்கவில்லை. அதற்குள் உம்மா என் தோளைப் பிடித்தும் எழுந்திருக்க முடியாமல் ஆகியிருந்தாள். உட்கார்ந்தே தொழுதாள். பெரிய மாமி இரவில் அவள் காலடியில் உட்கார்ந்து கால் அமுக்கிவிட்டாள். பகலில் யாரையும் அறைக்குள் விடவில்லை. தொட்டி இருந்த மேசைப் பக்கம் நாறியது. மாமி சாம்பிராணியைக் கூட்டிப் போட்டாள்.

இரண்டாவது வெள்ளி கழிந்து திங்களோ செவ்வாயோ, காலை பதினொரு மணி இருக்கும், வாசலில் ஸலாம் சொல்லி ஒரு பெண் குரல். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். இருபது வயது இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. புது ஹஜ்ரத்தின் மனைவி, முக்கூடல் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

“மீன் உள்ள வீடு இதுதான மாமி?”

நான் திரையோடு ஒட்டி நின்றேன். பெரிய மாமி நிமிர்ந்தாள். “ஏன், மீனுக்கு என்ன?”

“ஹஜ்ரத் அனுப்புனாவ. மைக்குல சொல்லுத பேச்சு இல்ல, நீ போயிட்டு வான்னாவ. பச்சைப்புள்ளைக்குக் காய்ச்சல், அதான் நாளாயிட்டு.”

“யாரு கேட்டா?”

“யாரு கேட்டா என்ன மாமி. கேள்வி நல்ல கேள்வி.” சொல்லிக்கொண்டே குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். ஒரு நொடி என் கண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதன்பிறகு அன்றைக்கு முழுவதும் என் பக்கம் திரும்பவே இல்லை.

அறைக்குள் வந்தாள். உம்மாவின் நெற்றியைத் தொட்டாள். பிறகு தொட்டிப் பக்கம் போய்த் துப்பட்டியை எடுத்தாள். இழுத்துப் போடவில்லை. உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, இரண்டு கையாலும் பெரிய மாமியிடம் நீட்டினாள். மாமி வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கலங்கிய மோராக இருந்தது. செடிக்கு அடியில் எங்கோ ஒரு சிவப்பு.

“தண்ணி நாறுதே. வீட்ல எத்தனை பேரு தீனி போடுதிய?”

சாச்சி தரையைப் பார்த்தாள். பெரிய மாமி கையிலிருந்த துப்பட்டியைப் பார்த்தாள். நான் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவள் உம்மாவைக் காட்டினாள். “இத்தா இந்த ராத்தாவுக்குத்தான் மாமி. மீனுக்கு இல்ல. கண்ணாடிக்கும் இல்ல, வெளிச்சத்துக்கும் இல்ல. வெளிய தெருவ போகாம வீட்ல இருக்கணும், அலங்காரம் வேண்டாம். சாப்பிடணும், தூங்கணும், மீனு பாக்கணும்னா மீனும் பாக்கணும். ஹஜ்ரத் இவ்வளவுதான் சொல்லச் சொன்னாவ.”

பாதித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றச் சொன்னாள். சாச்சி கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி கொண்டுவந்து பைய விட்டாள். கலங்கல் குறையக் குறைய அந்தச் சிவப்பு கொஞ்சம் மேலே வந்தது. வால் ஓரம் கிழிந்திருந்தது. வாசல் திரையையும் தூக்கிக் கட்டியிருந்ததால் வெளிச்சம் தொட்டியின் ஒரு பக்கமாக விழுந்தது. மீன் அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

“இன்னொண்ணு எங்க?”

உம்மாவின் குரல். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அதைக் கேட்டு.

“மவுத்தாயிட்டு உம்மா,” என்றேன்.

“எப்பம்?”

“பதினாறு நாளாச்சு. முருங்கை மூட்டுல வச்சிருக்கேன்.”

உம்மா தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். செய்தி வந்த அன்றுகூட அப்படி அழவில்லை. ஹஜ்ரத்தின் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல், “தீனி எங்க இருக்கு? ரெண்டு விரல் எடுத்துப் போடு,” என்றாள். நான் குழந்தையைச் சாச்சியிடம் கொடுத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். அடியில் தூள் மட்டும் இருந்தது. மீன் ஒன்றை வாயில் வாங்கியது, துப்பியது. மறுபடி வாங்கியது. இந்தத் தடவை துப்பவில்லை.

உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், “சோத்துக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாள். சாச்சி குழந்தையோடு அடுப்படிக்கு ஓடினாள்.

காற்று வேண்டும் என்று ஹஜ்ரத்தின் மனைவி எழுந்து ஜன்னல் கொண்டியை இழுத்தாள். கொண்டி வந்தது, கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தாள். சட்டத்தின் மேல் அவள் விரல் நின்றது.

“இது என்ன மாமி, ஆணி அடிச்சிருக்கு?”

பெரிய மாமி மடித்த துப்பட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எங்க வாப்பா அடிச்சது. எனக்கு அப்பம் இருபத்திரெண்டு. இந்த ரூம்புலதான் இத்தா இருந்தேன்.” இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டாள். “அதுவும் வேண்டாமா புள்ள?”

“வேண்டாம் மாமி.”

“அப்பவுமா?”

அந்த இருபது வயதுப் பெண் ஜன்னலை விட்டுவிட்டு வந்து, மாமியின் கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள்.

“அப்பவும் வேண்டாம் மாமி.”